ஆறடிக்கு ஓர் அங்குலம்

ஐம்பதை நெருங்கும் ஒரு குடும்பஸ்தர், ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையைக் காலி பண்ணிவிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் சிப்பாய்களை நிறுத்தி வைத்துப் பகடை உருட்டிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? 'நல்லாத்தானே இருந்தார் மனுஷன்' என்றுதானே? தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத பதினோரு பேர் மட்டை பிடிப்பதற்காக ராத்திரி பன்னிரண்டு மணிவரை ரத்தக்கொதிப்பை ஏற்றிக்கொள்கிறவர்கள் நிறைந்த ஊரில், பொம்மைக்காரர்கள் மட்டும்தான் பைத்தியம் என்றால் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொள்வதில் கஷ்டமில்லை.

இந்த விளையாட்டுக்கு வயது இருநூறு. 1824-ல் பிரஷ்ய ராணுவம், ரைஸ்விட்ஸ் என்ற தன் அதிகாரி உருவாக்கிய போர் விளையாட்டை எடுத்துக்கொண்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தும் ஆட்டம் அது. 1913-ல் எச்.ஜி.வெல்ஸ், ஆமாம், அதே 'டைம் மெஷின்' வெல்ஸ்தான், ஈயச் சிப்பாய்களைத் தரையில் நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு விளையாடுவதற்கு விதிகள் எழுதி 'லிட்டில் வார்ஸ்' என்று புத்தகமே போட்டார். அவர் பொம்மைகள் 54 மில்லிமீட்டர் உயரம். அன்றைக்கு ஆரம்பித்தது உயரத் தகராறு. இன்றுவரை ஓயவில்லை.

என் சண்டையும் அந்த உயரத்தைப் பற்றித்தான். அதிலும் ஒரு குறிப்பிட்ட வகைப் போருக்கு மட்டும்: காட்டுச் சண்டை. பத்துப் பேர், இருபது பேர் கொண்ட சின்னக் குழு காட்டுக்குள் நடந்து போகிறது, இன்னொரு சின்னக் குழு பதுங்கியிருக்கிறது. ஒரு பொம்மை என்றால் ஓர் ஆள். ஆயிரம் பேருக்குப் பிரதிநிதி அல்ல, ஒரே ஓர் ஆள். 'ஸ்கர்மிஷ்' என்பார்கள்.

இதற்கு எந்த அளவுப் பொம்மை வாங்குவது?

சந்தையில் பெரிய கட்சி 28 மி.மீ. பார்க்க ஜோர். பெயிண்ட் அடித்தால் கண்ணில் கருவிழி தெரியும். எதிர்க்கட்சி 6 மி.மீ. அரிசி மணிக்குக் கையும் காலும் முளைத்த மாதிரி. ஒரு மேஜையில் ஒரு முழுப் படையையே நிறுத்தலாம். நடுவில் 15 மி.மீ. அதற்கும் 28-க்கும் இடையில், யாருக்கும் வேண்டாத இரண்டாவது பிள்ளை மாதிரி, எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்கிற பழைய பிளாஸ்டிக் அளவு.

முதலில் இந்த மில்லிமீட்டர் கணக்கே ஒரு மோசடி என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன், கணக்கு டாலி ஆகவில்லை என்றால் தூக்கம் வராது. 28 மி.மீ. என்கிறார்களே, எதிலிருந்து எதுவரை? பாதத்திலிருந்து கண்வரை என்கிறது ஒரு கம்பெனி. உச்சந்தலைவரை என்கிறது இன்னொன்று. ஒரு கம்பெனி பொம்மையை இன்னொரு கம்பெனி பொம்மை பக்கத்தில் நிறுத்தினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்காது, அப்பாவும் எல்.கே.ஜி. பையனுமாக இருக்கும். போதாததற்கு 'ஹீரோயிக்' என்று ஒரு பாணி. தூரத்திலிருந்து தெரிய வேண்டுமாம், அதனால் தலை பெரிசு, கை பெரிசு, துப்பாக்கி தென்னைமட்டை சைஸ். கட்அவுட் கலாசாரம் நமக்கு மட்டும் சொந்தமானதல்ல போலிருக்கிறது.

எழுபத்திரண்டில் ஒரு பங்கில் இந்த ஏமாற்று வேலை எடுபடாது. ஓர் அங்குலம் என்றால் ஆறு அடி. அவ்வளவுதான். ஆறடி மனிதன் ஓர் அங்குலம். பள்ளிக்கூடப் பையனின் ஒரு அடி ஸ்கேலை எடுத்து மேஜையில் வைத்தால் அது 72 அடி, ஏறத்தாழ 22 மீட்டர். கால்குலேட்டர் வேண்டாம், வாய்ப்பாடு போதும்.

ஆனால் கணக்கு சுலபம் என்பதற்காக மட்டும் நான் இந்தப் பக்கம் சாயவில்லை. பொம்மை வாங்கப் போகிற எல்லோரும் சிப்பாயின் முகத்தைப் பார்த்து அளவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கேதான் கோளாறு. காட்டுச் சண்டைக்கு அளவு பார்க்கும்போது அளக்க வேண்டியது மனிதனை அல்ல, மரத்தை.

மழைக்காட்டில் நூறு அடி மரம் சாதாரணம். 28 மி.மீ. ஆளுக்குப் பக்கத்தில் அந்த மரம் எவ்வளவு உயரம் நிற்க வேண்டும் தெரியுமா? இருபத்தோரு அங்குலம். அப்படி நாற்பது மரம் வைத்தால் எதிரில் உட்கார்ந்திருக்கும் நண்பரின் முகம் தெரியாது, பொம்மையை நகர்த்தக் கை உள்ளே போகாது. அதனால் 28 மி.மீ. கட்சிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? மரத்தை வெட்டிவிடுகிறார்கள்! ஐந்து அங்குலத்தில் நாலு பிளாஸ்டிக் பனை, மீன்தொட்டிச் செடி இரண்டு, 'இதோ காடு' என்கிறார்கள். அது காடு இல்லை சார், கல்யாண மண்டப வாசல். வனத்துறை அமைச்சர்களே இவ்வளவு வேகமாகக் காட்டை அழித்ததில்லை.

எழுபத்திரண்டில் ஒரு பங்கில் அதே மரம் பதினேழு அங்குலம். அதுவும் குட்டையில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பதடி மூங்கில் ஏழு அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு ஆள் உயர யானைப்புல் இரண்டு அங்குலம். நிலக்கணக்கைப் பாருங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை பார்க்கிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆறடிக்கு நாலடி மேஜை ஒன்று. 28 மி.மீ. கணக்கில் அது ஒன்றே முக்கால் ஏக்கர். எழுபத்திரண்டில் ஒரு பங்கில் கிட்டத்தட்ட இரண்டே முக்காலே அரைக்கால் ஏக்கர். அதே மேஜை, அதே ஹால், ஒன்றரை மடங்குக்கு மேல் காடு.

'அப்படியானால் 6 மி.மீ. வாங்கினால் ஐம்பது ஏக்கர் கிடைக்குமே?' என்று மடக்குகிறார் எதிர்க்கட்சிக்காரர். கிடைக்கும். அந்த ஐம்பது ஏக்கரையும் நீங்கள் எங்கிருந்து பார்க்கிறீர்கள்? ஹெலிகாப்டரிலிருந்து. கீழே பச்சைப் பஞ்சு, அதற்குள் நாலு அரிசி மணி. யார் குனிந்தான், யார் கையைத் தூக்கி 'நில்' என்றான், யார் தோளில் இயந்திரத் துப்பாக்கி என்று ஒன்றும் தெரியாது. காட்டுச் சண்டையில் இருக்கிறவனுக்கு இதெல்லாம்தான் தெரியும், இதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நீங்கள் அவனுக்குத் தெரியாத எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அவனுக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றை விட்டுவிடுகிறீர்கள்.

அளவு தெரிந்த ஓர் இடத்தை வைத்துப் பார்த்துவிடலாம். 1944-ல் கோஹிமா மலையில், துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் மைதானத்துக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை, அந்தப் பக்கம் ஜப்பானியர். நடுவில் இருந்த மைதானத்தைத் தாண்டிக் கையெறி குண்டு வீசிக்கொண்டார்கள். இன்றைக்கும் அங்குள்ள போர்க் கல்லறையில் அந்த மைதானத்தின் கோடுகளைக் காட்டி வைத்திருக்கிறார்கள். டென்னிஸ் மைதானம் 78 அடிக்கு 36 அடி. எங்கள் அளவில் பதின்மூன்று அங்குலத்துக்கு ஆறு அங்குலம், மேஜையில் ஒரு மூலை. இரண்டு பக்கமும் ஆட்களை நிறுத்திப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். 6 மி.மீ. அளவில் அதே மைதானம் உங்கள் ஏ.டி.எம். கார்டைவிடச் சின்னது. அதற்காக வாரக்கணக்கில் மனிதர்கள் செத்தார்கள் என்று அந்த மேஜை உங்களுக்குச் சொல்லவே சொல்லாது.

15 மி.மீ.காரர்களோடு மட்டும் நான் கடுமையாகச் சண்டை போடுவதில்லை. நியாயமான ஆட்கள். ஐந்தரை ஏக்கர் கிடைக்கிறது, ஆளும் ஆளாகத் தெரிகிறான். ஆனால் நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து என்று ஒன்று வருமே, அது அவர்கள் கட்சிக்கு ஆகாது. பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு போர் நடத்திய தளபதி எவரும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் வரும், நம்ம ஊர் ஆட்சேபம். 'நம்ம ஆடுபுலி ஆட்டத்துல இல்லாததா? மூணு புலி, பதினைஞ்சு ஆடு, இருபத்திமூணு புள்ளி. கோயில் மண்டபத்துக் கல்லில் கீறிவிட்டுக் கூழாங்கல்லை வைத்து ஆடுகிறோம். ஸ்கேலாவது மில்லிமீட்டராவது?' நல்ல கேள்வி. சின்னக் கூட்டம் பெரிய கூட்டத்தைப் பாய்ந்து அடிப்பதும், பெரிய கூட்டம் மெல்ல மெல்ல வழியடைப்பதும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த யுத்தி. ஆனால் ஆடுபுலியில் ஒன்று இல்லை. ஆடு எங்கே நிற்கிறது என்று புலிக்குத் தெரியும், புலி எங்கே என்று ஆட்டுக்கும் தெரியும். காட்டில் தெரியாது. இருபது மீட்டர் தெரிந்தால் அதிர்ஷ்டம், அதாவது எங்கள் ஸ்கேல் நீளம்கூட வராது. காட்டுச் சண்டையின் முழு ரகசியமும் அந்தப் பள்ளிக்கூட ஸ்கேலுக்குள் இருக்கிறது.

வெட்டவெளிப் போரில் துப்பாக்கி முந்நூறு மீட்டர் சுடும். எங்கள் அளவில் அது பதின்மூன்றரை அடிக்கு மேல், ஹாலைத் தாண்டி அடுக்களைக்குப் போய்விடும். அதனால் வெட்டவெளி ஆட்டக்காரர்கள் ஆளுக்கு ஓர் அளவு, தரைக்கு ஓர் அளவு என்று இரட்டைக் கணக்கு எழுதுகிறார்கள். வருமான வரிக்காரர்கள் பார்த்தால் உள்ளே தூக்கிப் போடுவார்கள்! காட்டில் அந்தத் தில்லுமுல்லு தேவையில்லை. பார்வையே இருபது மீட்டர் எனும்போது ஆளும் தரையும் தூரமும் ஒரே கணக்கில் எழுதலாம். வீட்டு மேஜையில் ஒற்றைக் கணக்கில் ஆடக்கூடிய போர் அபூர்வம். அது கிடைத்தும் மரத்தை வெட்டி அதைக் கெடுப்பேன் என்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதையெல்லாம் பாண்டிச்சேரியில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இவ்வளவு ஆவேசமாகப் பேச வேண்டும் என்கிறீர்களா? இங்கே உட்கார்ந்துதான் பேச வேண்டும். இது சொல்தாக்களின் ஊர்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே சொல்தா என்போம். கடற்கரைச் சாலையில், முதல் உலகப்போரில் செத்துப்போன பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூலை 14-க்கு விளக்குப் போடும்போது எல்லோரும் நின்று செல்ஃபி எடுப்பார்கள். அந்தப் போர் தெரியும். அதற்குப் பின்னால் இந்தோசீனாவுக்குப் போனவர்களை யார் பேசுகிறார்கள்? 1946-ல் தொடங்கி 1954 வரை நடந்த அந்தக் காட்டுப் போரில் நம் ஊர்ப் பிள்ளைகளும் பிரெஞ்சுச் சீருடையில் இருந்தார்கள். ஜெயித்த கதையாக இருந்தால் ஊரே சொல்லிக்கொண்டிருக்கும். தோற்ற கதை, அதுவும் இன்னொருவன் காலனியைக் காப்பாற்றப் போய்த் தோற்ற கதை, தெருத் திண்ணையோடு நின்றுவிட்டது. அந்தப் போர் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. வியட்நாம்காரன் தன் நாட்டுக்காகச் சண்டை போட்டான், நம் ஆள் சம்பளத்துக்காகப் போனான். ஆனாலும் போனான், காட்டில் நடந்தான்.

அந்தப் போர் எப்படி முடிந்தது என்பதிலேயே நான் சொல்லும் பாடம் இருக்கிறது. தியென் பியென் பூ என்ற பள்ளத்தாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். சுற்றிலும் காட்டு மலை. வரைபடத்தில் அது பச்சைத் திட்டு. அந்தப் பச்சைக்குள் கனரக பீரங்கியை எவனும் ஏற்ற முடியாது, ஏற்றினாலும் நாங்கள் சுட்டு நொறுக்கிவிடுவோம் என்று கணக்குப் போட்டார்கள். ஜியாப்பின் ஆட்கள் பீரங்கியைக் கயிறு கட்டிக் கையாலேயே மலையேற்றினார்கள். சைக்கிளில் இருநூறு கிலோவுக்கு மேல் மூட்டை கட்டித் தள்ளிக்கொண்டே வந்தார்கள். 1954 மார்ச் 13-ம் தேதி குண்டு விழத் தொடங்கியது. நொறுக்கிவிடுவோம் என்று உறுதி சொன்ன பிரெஞ்சு பீரங்கித் தளபதி பிரோத், இரண்டே நாளில் பதுங்குகுழிக்குள் தற்கொலை செய்துகொண்டார். மே 7-ம் தேதி எல்லாம் முடிந்தது. அதே வருஷம் அக்டோபர் 18-ல் கீழூர் வாக்கெடுப்பு, நவம்பர் 1-ல் பாண்டிச்சேரி கைமாறியது. வரைபடத்தில் பச்சைத் திட்டாகத் தெரிந்தது, சைக்கிள் தள்ளியவனுக்குப் பாதையாகத் தெரிந்தது. 6 மி.மீ. கண்ணால் காட்டைப் பார்த்தவர்களின் கதி அது.

கருவடிக்குப்பத்தில், பாரதியார் குயிலைக் கேட்டதாகச் சொல்லும் தோப்புக்கும் சித்தானந்த சுவாமி கோயிலுக்கும் நடந்துபோகிற தூரத்தில் ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை இருக்கிறார். பிள்ளை என்றால் எழுபதைத் தாண்டியவர். அவர் அப்பா தொங்கின் காட்டில் இருந்தவர். பேசவே மாட்டாராம். மிச்சம் இருப்பது ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ. மூங்கில் புதருக்கு முன்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், இடது ஓரத்தில் அப்பா. பேரன் ஆசையாக வெளிநாட்டிலிருந்து 28 மி.மீ. சிப்பாய்களை வரவழைத்து, பிரெஞ்சுத் தொப்பிக்கு வர்ணமடித்துத் தாத்தாவின் ரோந்து என்று அடுக்கிக் காட்டியிருக்கிறான். பெரியவர் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சார், எங்கப்பா ஒல்லி சார். நெஞ்சுக்கூடு தெரியும். இது யாரோ பயில்வான்."

ஹீரோ அளவின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை இதைவிடச் சுருக்கமாக நான் எழுதியதில்லை.

எங்கள் அங்குலப் பொம்மையை எடுத்துப் போட்டோவின் மேல் வைத்தோம். போட்டோவில் அப்பாவும் கிட்டத்தட்ட ஓர் அங்குலம்தான். பெரியவர் அவரை அந்த அளவில்தான் வாழ்நாள் முழுக்கப் பார்த்துப் பழகியிருக்கிறார்.

கடைக்குப் போனால் என்ன கிடைக்கிறது? அமெரிக்கன் கிடைப்பான், வியட்காங் கிடைப்பான். நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் பாண்டிச்சேரிக்காரன் இல்லை. நாம்தான் செய்ய வேண்டும். அதற்கும் இந்த அளவுதான் கை கொடுக்கிறது. இந்தோசீனாவில் பிரெஞ்சுப் படை போட்டிருந்ததும் தூக்கியதும் பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ், அமெரிக்க மிச்சங்கள். அந்தச் சிப்பாய்கள் எழுபத்திரண்டில் ஒரு பங்கில் பெட்டி பெட்டியாக வருகிறார்கள். தலையைச் சீவி அகலத் தொப்பித் தலை வைத்தால் வேலை முடிந்தது. பிளாஸ்டிக் மெதுவானது, பிளேடு போதும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பூசிவிட்டு வர்ணம் அடியுங்கள், இல்லாவிட்டால் உரிந்து வரும். முகத்துக்கு மட்டும் பெட்டியின் மேல் போட்டிருக்கிற ரோஜாப்பூ நிறத்தை அடித்துவிடாதீர்கள்.

விலையைச் சொல்ல வேண்டும், காமர்ஸ்காரன் சொல்லாவிட்டால் யார் சொல்வது? நம் சர்க்கார் பொம்மை இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் ஏற்றியது. உள்நாட்டுப் பொம்மைத் தொழில் வளரட்டும் என்று செய்தது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இடிபடுகிறவர் யார்? ஒவ்வொரு பொம்மையாக ஈயத்திலும் ரெசினிலும் வாங்கும் 28 மி.மீ.காரர். ஒரு பெட்டிக்கு நாற்பது ஆள் வரும் பிளாஸ்டிக் வாங்கினால் ரோந்துக் குழுவும் ஆச்சு, பதுங்கியிருப்பவர்களும் ஆச்சு, கத்தி தவறினால் வெட்டிக் கெடுக்கவும் நாலு பேர் மிச்சம்.

ஒன்று பாக்கியிருக்கிறது. தமிழ் வாசகர் காடு என்றதும் தொங்கினையா நினைப்பார்? வன்னியை நினைப்பார். வன்னியை மேஜையில் வைப்பாயா என்று ஒரு நண்பர் கேட்டார். மாட்டேன். 2009 மே மாதம் முடிந்த போரில் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு, 2017-லிருந்து கிளிநொச்சியில் தாய்மார்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த மூங்கில் புதருக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்கும் உரிமை அவர்களுடையது, பகடை வைத்திருப்பவனுடையது அல்ல. கருவடிக்குப்பத்துப் பெரியவர் தானே கேட்டார், தன் அப்பாவை வைக்கச் சொல்லித் தானே போட்டோவைக் கொடுத்தார். அந்த அனுமதி இல்லாத காட்டில் நான் ஒரு மரம்கூட நட மாட்டேன்.

சரி, பெரியவர் காட்டுக்கு வருவோம். மூங்கிலுக்குத் தென்னை ஈர்க்குச்சி, ஏழு அங்குலத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். தரைக்குத் தேங்காய் நார்த்தூள். புல்லுக்குக் காசு கொடுத்து எதையும் வாங்காதீர்கள். கொலுவுக்கு முன்னால் பார்க் போட நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, தட்டில் ஈரமண் பரப்பித் தூவி, தண்ணீர் தெளிப்பார்கள். பச்சைப்பசேல் என்று வரும். இரண்டு அங்குலம் வளர்ந்ததும் மேஜையில் ஏற்றிவிடுங்கள், அது பன்னிரண்டு அடி யானைப்புல். அதற்குள் அங்குல ஆளை நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தேடத்தான் வேண்டியிருக்கும். மேலே வளர்ந்தால் கத்தரிக்கோலால் மட்டம் தட்டுங்கள். நாள் கடந்தால் மஞ்சளாகிச் சாயும், அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் முந்தின ஞாயிறே ஊறப்போட்டுவிடுங்கள்.